நாற்பது வாள்களுக்கு வயதேற்றிய கதை

நெட்டேரிப்பாக்கத்தில் நான்கு பேர் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். மற்றபடி அவர்களிடம் ஒரு குறையும் கிடையாது.

கல்யாண மேடை அலங்காரம்தான் நால்வருக்கும் தொழில். தெர்மாக்கோலில் அன்னம் செய்வார்கள், அட்டையில் சிம்மாசனம் செய்வார்கள், பந்தலுக்குத் துணி கட்டுவார்கள். ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர், "வாசல்ல கட்டின வாழைமரம் ரெண்டையும் சாயாம பார்த்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நால்வரும் வாழைமரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ துளியும் சாயாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முகூர்த்த நேரத்தில் இரண்டு மரமும் மாப்பிள்ளையின் சித்தப்பா மேல் விழுந்தன. "நீங்க சொன்ன மாதிரிதான் பார்த்தோம். சாய்ஞ்சது மரம், நாங்க இல்லை" என்றான் கொளஞ்சி.

கொளஞ்சிதான் மூத்தவன். அடுத்தவன் பாவாடை, குலசாமி பாவாடைராயன் பேரை வைத்திருந்தார்கள். மூன்றாவது எட்டியப்பன், அதிகம் பேசமாட்டான், பேசினால் பயந்துதான் பேசுவான். நான்காவது சடகோபன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஒரு தடவை படித்தவர்களைவிட இவனுக்கு இரண்டு மடங்கு தெரியும் என்று மற்ற மூவரும் அவன் பேச்சைத் தட்டுவதில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு இடிந்த கோட்டை உண்டு. பொங்கல் முடிந்த வாரம் அங்கே ராஜா காலத்துப் படம் பிடிக்க ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. கம்பெனியில் வாள், கேடயம் எல்லாம் ஜெயசீலன் என்பவர் பொறுப்பு. வாள்களைப் பழசாக்கிக் காட்டுவதற்கென்று அவரிடம் ஒரு கைதேர்ந்த ஆள் இருந்தான். அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. பக்கத்து ஊரில் அலங்கார வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஜெயசீலன் நாற்பது வாளை வேனில் ஏற்றிக்கொண்டு கொளஞ்சியின் கொட்டகைக்கே வந்துவிட்டார். மரத்தில் செதுக்கி, வெள்ளிப் பெயிண்ட் அடித்த வாள்கள். பிடியில் தோல் சுற்றியிருந்தது. எல்லாம் புத்தம் புதுசு.

ஜெயசீலன் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே பேசினார்.

"இதெல்லாம் நேத்து கடையில வாங்கின மாதிரி பளபளங்குது. முன்னூறு வருஷப் பழசா தெரியணும். நூறு சண்டையைப் பார்த்த வாள் மாதிரி இருக்கணும். பிடியில ஆயிரம் கை பட்டிருக்கணும். கறுப்புப் பெயிண்டைத் தண்ணியாக் கலக்கிப் பூசி, காயறதுக்கு முன்னாடி துடைச்சிடுங்க. ஓரத்துல உப்புத்தாள் போடுங்க. பிடிக்கு லேசா டீத்தண்ணி காட்டுங்க. துருப் பிடிக்கணும். ஹலோ... ஆமாம்மா, இட்லி நாலு, வடை ரெண்டு, சட்னி கெட்டியா... இன்னொண்ணு, ரொம்பப் பழசாவும் தெரியக்கூடாது. எட்டாம் நாள் காலையில ஏழு மணிக்கு வர்றேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார்கள். சடகோபன் ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"நல்லா செஞ்சீங்கன்னா படம் ஆரம்பிக்கிறப்போ எழுத்து போடறாங்க இல்ல, அதுல உங்க பேரும் வரும்" என்று சொல்லிவிட்டு ஜெயசீலன் வேனில் ஏறிப் போய்விட்டார்.

கொளஞ்சிக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. அவன் மனைவி செல்லக்கிளியின் அண்ணன் ஒரு சினிமாவில் வந்திருக்கிறார். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் கூட்டத்தில் அவர் முதுகு மட்டும் தெரியும். அதுவும் கண்ணைச் சிமிட்டினால் போய்விடும். ஆனால் செல்லக்கிளி ஆறு வருஷமாக எல்லாரிடமும் "எங்க அண்ணன் நடிகர்" என்றுதான் சொல்வாள். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால் மட்டும் அவளுக்குத் திடீரென்று இருமல் வந்துவிடும்.

முதல் நாள் பெயிண்ட் வேலையில் ஆரம்பித்தார்கள். கொளஞ்சி பூசினான். காய்வதற்கு முன்னால் துடைக்க வேண்டும் என்பதால் பாவாடை அவன் பின்னாலேயே ஓடி ஓடித் துடைத்தான். எங்கே காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் எட்டியப்பன், பெயிண்ட் தூரிகையிலிருந்து வாளுக்கு வரும் வழியிலேயே துடைத்தான். சாயங்காலம் பார்த்தால் வாள்கள் எல்லாம் முன்பைவிடச் சுத்தமாக இருந்தன. துடைத்த வேட்டிதான் முன்னூறு வருஷப் பழசு மாதிரி இருந்தது. நால்வர் முகத்திலும் கறுப்பு தெறித்து, சுருக்கங்களுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. முகத்தைத் துடைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"பூசச் சொன்னார், பூசிட்டோம். துடைக்கச் சொன்னார், துடைச்சிட்டோம். ஆனா ஒண்ணும் மிஞ்சலையே?" என்றான் கொளஞ்சி.

"மிஞ்சாதுண்ணே" என்றான் சடகோபன். "அஞ்சு கூட்டி அஞ்சு கழிச்சா என்ன வரும்? எவ்வளவோ பெரிய ஆள், அவருக்கு இது தெரியாதா? நம்ம கை சுத்தமா இருக்கான்னு சோதிக்கத்தான் சொல்லியிருக்கார்."

அடுத்து டீத்தண்ணி. கடையிலிருந்து ஒரு தூக்கில் டீ வாங்கி வந்தார்கள்.

"சர்க்கரை போட்டதா, போடாததா?" என்று கேட்டான் பாவாடை.

"காட்டத்தானே போறோம், குடிக்கவா கொடுக்கப் போறோம்? சர்க்கரை எதுக்கு?" என்றான் சடகோபன்.

நாற்பது வாளையும் சுவரோரம் நிறுத்தி, கொளஞ்சி ஒரு டம்ளரில் டீயை ஊற்றி, ஒவ்வொரு வாளின் பிடிக்கும் எதிரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை காட்டினான். லேசாகக் காட்டச் சொன்னதால் டம்ளரை ஓரத்திலிருந்து பாதிதான் நீட்டினான். பதினேழாவது வாளுக்குக் காட்டி முடித்தபோது கை வலித்து டீ அவன் சட்டையிலேயே கொட்டியது. பாக்கி இருபத்துமூன்று வாளுக்கும் சட்டையைக் காட்டினான்.

உப்புத்தாளை ஒவ்வொரு வாளின் ஓரத்திலும் ஒழுங்காகப் போட்டார்கள். கொட்டகைத் தரை முழுக்க உப்புத்தாள் ஆகிவிட்டது. படுக்க வேறு இடம் இல்லாததால் அதன்மேலேயே படுத்து மத்தியானத் தூக்கம் போட்டார்கள். எழுந்தபோது நால்வரின் கன்னத்திலும் முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. வாள்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

"ஒரே நாள்ல மூணு வேலை முடிஞ்சுதே!" என்றான் கொளஞ்சி. அவன் குரலில் பெருமை இருந்தது.

இரண்டாம் நாள், பிடியில் ஆயிரம் கை படவேண்டும். ஊரில் மொத்தமே முன்னூற்றுச் சொச்சம் பேர். சடகோபன் யோசித்தான். ஊருக்கு வந்துபோகும் ஒரே மினி பஸ்ஸில் மேலே பிடித்துக்கொள்ளும் வார் எல்லாம் அறுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நால்வரும் கண்டக்டரைப் போய்ப் பார்த்தார்கள். அவருக்கும் ஏதோ ஒன்று தொங்கினால் போதும் என்றிருந்தது. மேல் கம்பியில் நாற்பது வாளையும் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அன்று முழுக்க ஜனங்கள் வாளைப் பிடித்துக்கொண்டுதான் சந்தைக்குப் போனார்கள். பாவாடை பின் சீட்டில் உட்கார்ந்து கைகளை எண்ணினான்.

"ஒருத்தரே ரெண்டு கையாலயும் பிடிக்கிறாரே, ஒண்ணா ரெண்டா?" என்று அங்கிருந்து கத்தினான்.

"ரெண்டு!" என்றான் சடகோபன்.

"காலையில போனவரே திரும்பி வர்றாரு. பழைய கையா, புதுக் கையா?"

சடகோபன் கொஞ்சம் திணறினான். "சந்தையில என்ன வாங்கினாருன்னு பாரு. எதையாவது தொட்டிருந்தா புதுக் கை."

சாயங்காலம் ஆயிரத்து நான்கு கை ஆயிற்று. நான்கு கை அதிகமாகிவிட்டதே என்று எட்டியப்பன் பயந்தான். தேங்காயெண்ணெயும் வியர்வையும் சேர்ந்து தோல் பிடிகள் எல்லாம் பாலிஷ் போட்டதுபோல மின்னின. நாற்பது வாளையும் அவிழ்த்துக்கொண்டு இறங்கும்போது கண்டக்டர்தான் வருத்தப்பட்டார்.

மூன்றாம் நாள்தான் பெரிய வேலை தொடங்கியது. நூறு சண்டையைப் பார்த்த வாளாக்க வேண்டும்.

"சண்டை போடணுமா?" என்று எட்டியப்பன் நடுங்கினான்.

"பார்க்கணும்னுதான் எழுதியிருக்கு" என்று சடகோபன் நோட்டைக் காட்டினான். "வாள் சண்டையைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வாளுக்குக் கண் எங்கே இருக்கிறது?

"நுனியிலதான். போற வழி தெரிய வேண்டாமா?" என்றான் பாவாடை.

"பிடியிலதான். யாரு பிடிக்கிறாங்கன்னு தெரிஞ்சிக்க வேண்டாமா?" என்றான் கொளஞ்சி.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்ததால், இருபது வாளை நுனி முன்னாலும் இருபது வாளைப் பிடி முன்னாலும் வைத்துத் தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். எங்கேயாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

குழாயடியில் பால்காரர் மனைவியும் தபால்காரர் மனைவியும் குடம் வைப்பதில் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டதும் நால்வரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். முகமெல்லாம் கறுப்பு, கன்னமெல்லாம் கீறல், கையில் ஆளுக்கு இரண்டு வாள். வண்டியில் மேலும் முப்பத்திரண்டு.

"நிறுத்தாதீங்கக்கா, நல்லா போடுங்க!" என்று கத்தினான் கொளஞ்சி.

பால்காரர் மனைவி அவனையும் வாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தபால்காரர் மனைவியின் குடத்தைத் தன் கையாலேயே எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.

"சண்டையா? யாருப்பா சொன்னது? நாங்க ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி" என்றாள்.

"ஆமாம்ப்பா, சும்மா சத்தமா பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள் தபால்காரர் மனைவி.

சடகோபன் நோட்டில் "அரை" என்று எழுதினான்.

அன்றைக்கு மட்டும் ஏழு இடத்துக்கு ஓடினார்கள். எந்தச் சண்டையும் வண்டி வந்து சேரும்வரை நீடிக்கவில்லை. ரேஷன் வரிசையில் வாளைப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். டீக்கடையில் அரசியல் பேசியவர்கள் வானிலை பேசினார்கள். வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும், வண்டி வயல்பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "வரப்பு உனக்கே இருக்கட்டும்டா" என்றார் அண்ணன். "ஐயோ, வேண்டாம்ண்ணே, நீயே வச்சுக்க" என்றார் தம்பி. அதிலாவது ஒரு தள்ளுமுள்ளு வரும் என்று கொளஞ்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வரவில்லை.

மறுநாள் வாள்களை மூட்டையில் மறைத்து, பார்ப்பதற்கு வசதியாகச் சாக்கில் நாற்பது ஓட்டை போட்டுக் கொண்டுபோனார்கள். அதற்குள் ஊரில் சண்டை போடும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஐந்தாம் நாள் வரை நோட்டில் இரண்டரைதான் ஏறியிருந்தது. அந்தப் பாக்கி இரண்டும் நாய்ச் சண்டை.

"வேற வழியில்லை. நாமளே போட வேண்டியதுதான்" என்றான் கொளஞ்சி.

வாள்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டு நால்வரும் நடுவில் வந்து நின்றார்கள்.

"நீங்க முதல்ல திட்டுங்கண்ணே" என்றான் பாவாடை.

"உன்மேல எனக்கென்னடா கோபம்? நீ ஆரம்பி."

"மூத்தவர் இருக்கும்போது நான் எப்படி?"

அரைமணி நேரம் இப்படியே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் கொளஞ்சி மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "டேய் பாவாடை, நீ ஒரு... சரியில்லாத ஆள்" என்றான். சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்காதே" என்று தோளைத் தட்டினான். சடகோபன் அதை "மூன்று" என்று எழுதினான். "அது எப்படி மூணு? மூணரை இல்ல வரணும்?" என்றான் எட்டியப்பன். "அந்த அரையை நான் முதல்லயே சேர்த்துட்டேன்" என்றான் சடகோபன். "சேர்க்கலை." "சேர்த்தேன்." இதில்தான் நிஜச் சண்டை வந்தது. சட்டைகள் கிழிந்தன. கொளஞ்சியின் புருவம் வீங்கியது. எட்டியப்பன் பயத்திலேயே மூன்று பேரையும் அடித்தான்.

அடித்து ஓய்ந்தபின் பார்த்தால், கட்டிப் புரண்டதில் வாள்கள் எல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பி விழுந்து கிடந்தன. ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் துரு. மர வாளுக்குத் துரு எப்படி வரும் என்று பாவாடை கேட்டான்.

"வரணும்னு எழுதலை. துருப் பிடிக்கணும்னு எழுதியிருக்கு" என்றான் சடகோபன். "வாளுக்குத் துருவைப் பிடிச்சுப் போகணும். பழக்கமே இல்லாம ஒருத்தரை ஒருத்தருக்கு எப்படிப் பிடிக்கும்? முதல்ல பழக விடணும்."

பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய், துருவேறிய ஜன்னல் கம்பிகளுக்கும் உடைந்த சைக்கிள்களுக்கும் எதிரே நாற்பது வாளையும் முகம் பார்க்க உட்காரவைத்தார்கள். தனியாகப் பேசட்டும் என்று நால்வரும் நாகரிகமாக ஒதுங்கி, இரும்புக் குவியலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் எழுந்தபோது துரு அவர்களைத்தான் பிடித்திருந்தது. வேட்டி, சட்டை, தலைமுடி எல்லாம் செம்பழுப்பு.

ஏழாம் நாள் மிஞ்சியது வயசு மட்டும். முன்னூறு வருஷம்.

"எனக்கு முப்பது வயசுல தலை நரைச்சுது. கவலைப்பட்டா சீக்கிரம் வயசாயிடும்னு முடி வெட்டறவர் சொன்னார்" என்றான் பாவாடை.

"வாளுக்கு என்ன கவலை இருக்கு?" என்றான் எட்டியப்பன்.

"நம்ம கவலையைச் சொல்வோம்" என்றான் சடகோபன்.

ஆளுக்குப் பத்து வாள் பிரித்துக்கொண்டார்கள். கொட்டகையின் நான்கு மூலையிலும் நான்கு பேர் உட்கார்ந்து கவலையைச் சொன்னார்கள். எட்டியப்பனுக்கு இருந்த கவலைக்குப் பத்து வாள் போதாது என்று மற்றவர்கள் பங்கிலிருந்தும் இரண்டு இரண்டு வாள் வாங்கிக்கொண்டான்.

கொளஞ்சி தன் பங்கு வாளில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டான். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். செல்லக்கிளிக்கு வரும் இருமலைப் பற்றிச் சொன்னான். "அவமேல தப்பில்லை. நான் செய்யற அன்னம் எல்லாம் வாத்து மாதிரிதான் இருக்கு. எனக்கே தெரியும். ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது கேட்டா அவ இருமாம பதில் சொல்லணும்" என்றான். வாள் ஒன்றும் சொல்லவில்லை. இதுவரை அவன் பேச்சை இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் யாரும் கேட்டதில்லை. எட்டு வாளுக்கும் சொல்லி முடித்தபோது அவனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. வாள்களைத் தூக்கிப் பார்த்தான். முன்பைவிடக் கனமாக இருப்பதுபோலத் தோன்றியது.

அப்போதுதான் சடகோபன் நோட்டில் மிச்சமிருந்த ஒரு வரியைப் படித்துவிட்டு முகம் வெளிறினான்.

"ரொம்பப் பழசாவும் தெரியக்கூடாதுன்னு சொல்லியிருக்காரேண்ணே!"

நால்வரும் வாள்களைப் பார்த்தார்கள். ஆயிரம் கை பட்டுவிட்டது. டீ காட்டியாகிவிட்டது. துருவோடு பழகிவிட்டது. இவ்வளவு கவலையையும் கேட்டிருக்கிறது.

"முன்னூறைத் தாண்டிருக்குமோ?" என்றான் பாவாடை.

"ஐந்நூறுகூட இருக்கும்" என்றான் எட்டியப்பன்.

"அப்போ கொஞ்சம் குறைக்கணும்" என்று முடிவு செய்தான் கொளஞ்சி. அன்றைக்கே வாள்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, கடையில் இருந்ததிலேயே நல்ல வெள்ளிப் பெயிண்டாக வாங்கி, நாற்பதுக்கும் இரண்டு பூச்சு அடித்தார்கள்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு ஜெயசீலன் வந்தார். கொட்டகைக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அடித்த வெளிச்சத்தில் கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டார். வாள்களுக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலையில் இட்லி நாலு, வடை இரண்டு, கெட்டிச் சட்னி இருந்தன.

"இது எதுக்குன்னு மட்டும் புரியலை சார். ஆனா விடலை, வாங்கி வச்சுட்டோம்" என்றான் சடகோபன்.

ஜெயசீலன் அப்படியே தரையில் உட்கார்ந்து நாலு இட்லியையும் சாப்பிட்டார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சட்னி காரம் போலிருக்கிறது என்று நினைத்தான் கொளஞ்சி.

பிறகு அவர் எழுந்து, வாள்களையும் நால்வரையும் வேனில் போட்டுக்கொண்டு கோட்டைக்குப் போனார். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு ஆளை வைத்துக்கொண்டு தானே வேலையில் இறங்கினார். உப்புத்தாளால் வாளின் ஓரத்தைத் தேய்த்து அங்கங்கே பெயிண்டை உரித்தார். தண்ணீரான கறுப்பைப் பூசித் துணியால் ஒற்றி எடுத்தார். இடுக்கிலும் செதுக்கலிலும் கறுப்பு தங்கியது. டீ டிகாக்‌ஷனில் துணியை நனைத்துப் பிடியில் தடவினார். செங்கல் பொடியையும் பழுப்புப் பெயிண்டையும் குழைத்துப் பஞ்சால் தட்டித் தட்டித் துருவை வரவழைத்தார். மூன்று மணி நேரத்தில் நாற்பது வாளும் போர்க்களத்தில் தோண்டியெடுத்ததுபோல ஆகிவிட்டன.

நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள்.

"நாம முதல் நாள் செஞ்ச அதே வேலைதான்" என்று கொளஞ்சியின் காதில் சொன்னான் சடகோபன். "ஆனா இவருக்குத் துடைக்கிறதுல முழு மனசு இல்லை. பாதிக் கறுப்பை அப்படியே விட்டுட்டார் பாருங்க."

அந்த நேரம் பார்த்துப் படத்தின் டைரக்டர் அந்தப் பக்கம் வந்தார். தொப்பி போட்ட, அவசரக்கார மனிதர். நால்வரையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். சுருக்கத்தில் உறைந்த கறுப்பையும், உரிந்த கன்னத்தையும், வீங்கிய புருவத்தையும், துருவேறிய தலையையும், டீக்கறைச் சட்டையையும் கிட்ட வந்து பார்த்தார்.

"ஜெயசீலன்! இந்த நாலு பேருக்கு யாரு மேக்கப் போட்டது? பதினஞ்சு படத்துல நான் இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை!"

ஜெயசீலன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "நான்தான் சார்" என்றார்.

நால்வருக்கும் கவசம் மாட்டினார்கள். போரில் சாகும் வீரர்கள் வேஷம். "கேமரா உங்க முகத்துக்குக் கிட்ட வரும். முகம் முழுசா தெரியும்" என்று டைரக்டர் கொளஞ்சியிடம் சொன்னார். முகம் முழுசா! கொளஞ்சிக்கு மச்சானின் முதுகு ஞாபகம் வந்தது.

"நல்லா கேட்டுக்குங்க. அம்பு பட்டதும் விழணும். விழுந்தா செத்துட்டீங்கன்னு அர்த்தம். நான் எழுந்திரின்னு சொல்ற வரைக்கும் ஒரு விரல் அசையக்கூடாது" என்றார் டைரக்டர்.

நால்வரும் விழுந்தார்கள். அற்புதமாகச் செத்தார்கள். கேமரா கொளஞ்சியின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. டைரக்டர் கை தட்டினார். அந்தச் சமயம் மேகம் கூடிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடுத்த ஊர் ஆற்றங்கரையில் ஒரு காட்சி எடுத்தாக வேண்டும் என்று எல்லாரும் குடையையும் விளக்கையும் வாள்களையும் வாரிக்கொண்டு அவசர அவசரமாக வண்டியேறினார்கள். எழுந்திருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மழையும் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு, புருஷனைக் காணவில்லை என்று செல்லக்கிளி சாப்பாட்டுத் தூக்கோடு தேடிக்கொண்டு வந்தாள். வழியில் யாரோ சொல்லியிருந்தார்கள். கோட்டைக்குள் நான்கு பேர் கிடப்பதைப் பார்த்துக் கிட்ட வந்து குனிந்தாள்.

"யோவ், இன்னாய்யா இது? முகம் முழுசா விழுந்துச்சாமே? நிஜமா?"

கொளஞ்சிக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும்போல் நெஞ்சு துடித்தது. ஆனால் செத்தவன் எப்படிச் சொல்வான்?

"எங்க அண்ணனுக்கு முதுகுதான் விழுந்துச்சு" என்று செல்லக்கிளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் தலைக்குக் கீழே இருந்த கல்லை எடுத்துவிட்டுத் தன் சும்மாட்டுத் துணியை மடித்து வைத்தாள். "வர்ற வழியில பால்காரர் பொண்டாட்டி கேட்டா. எங்க வீட்டுக்காரர் நடிக்கப் போயிருக்கார்னு சொல்லிட்டேன். சரி, எழுந்திரு, சாப்பிடு."

"எழுந்திருன்னு நீ சொல்லக் கூடாது. டைரக்டர் சொல்லணும்" என்றான் கொளஞ்சி, உதடு அசையாமல்.

செல்லக்கிளி நால்வரையும் ஒருமுறை பார்த்தாள். தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாம்பார் மணம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, செத்தவங்க பேசலாமா?" என்று மெல்லக் கேட்டான் எட்டியப்பன்.

"விரல்தான் அசையக்கூடாது. நாக்கைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை" என்றான் சடகோபன்.

"பசிக்குதே. வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றான் பாவாடை.

சடகோபன் வானத்தைப் பார்த்தபடியே யோசித்தான். "செத்தவங்க எழுந்து நடக்க முடியாது. ஆனா தூக்கிக்கிட்டுப் போகலாம். ஊர்ல செத்தவங்களை எல்லாம் அப்படித்தானே கொண்டுபோறாங்க? தூக்கறதுக்கு நாலு பேர் வேணும். அவ்வளவுதான்."

"நாலு பேருக்கு எங்கடா போறது?" என்றான் கொளஞ்சி.

"ஏண்ணே, நாம நாலு பேர் இருக்கோமே!"

இவ்வளவு சுலபமான விஷயம் இவ்வளவு நேரம் தோன்றவில்லையே என்று கொளஞ்சி வெட்கப்பட்டான். நால்வரும் எழுந்து, கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள். தூக்குவதற்காகப் பயபக்தியோடு திரும்பினார்கள்.

பிணங்களைக் காணோம்.

"இப்போதானே இங்க கிடந்தேன்! நானே பார்த்தேன்!" என்று அலறினான் பாவாடை.

புதரிலெல்லாம் தேடினார்கள். அகழியில் இறங்கித் தேடினார்கள். எட்டியப்பன் நாலு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், மற்ற மூவரும் தங்கள் பேருக்கு "என்ன?" என்று கேட்டார்களே தவிர, பிணங்களிடமிருந்து பதில் வரவில்லை. ஆறு மணிக்குக் காவலாளி கோட்டைக் கதவைச் சாத்த வந்தார். கொளஞ்சி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நான்கு பேரின் அங்க அடையாளங்களையும் விவரமாகச் சொன்னான். அவர் தலையாட்டிக்கொண்டே பூட்டைத் தேடினார்.

"ஐயா, எங்கயாவது கண்ணுல பட்டா ஊருக்குச் சொல்லி அனுப்புங்க" என்றான் கொளஞ்சி. "ஆனா தயவுபண்ணி எழுப்பிடாதீங்க. டைரக்டர் இன்னும் சொல்லலை."